பரஸ்தானம் போன குடை

"வாரத்துக்கு ஏழு நாள் பத்தலம்மா," என்றார் குற்றாலிங்கம் ஜோசியர்.

பேச்சியம்மா முழங்காலில் பஞ்சை வைத்துத் திரி உருட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எத்தனை நாள் இருந்தாப் பத்தும்?"

"எட்டு இருந்தா எப்படியாவது ஒப்பேத்திருவேன்."

"எட்டாவது நாளுக்கு என்ன பேரு?"

ஜோசியர் நிஜமாகவே யோசித்தார். ஒன்பது கிரகத்தில் ஏழு பேருக்குக் கிழமை கொடுத்தாயிற்று. கிழமை இல்லாமல் நிற்பது ராகுவும் கேதுவும்தான்.

"ராகுக்கிழமைன்னுதான் வைக்கணும். ஆனா அப்படி வச்சா அன்னைக்கு ஒரு ஆளும் நம்ம வாசல மிதிக்காது."

"நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த திரிக்குப் பஞ்சு எடுத்தாள்.

*

ஆற்றுக்கு நடுவில் ஒரு கல்மண்டபம். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கூரையின் உட்புறத்தில் பன்னிரண்டு ராசியையும் வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். உச்சிவெயிலில் தண்ணீரின் வெளிச்சம் மேலே போய் அந்தக் கல்லில் ஆடும். அப்போது மீனம் நீந்தும். துலாம் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, எதையும் நிறுத்துச் சொல்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

பேச்சியம்மா அங்கேதான் இருக்கிறாள். ஒரு வெள்ளத்து வருஷம் வந்து ஒதுங்கியவள். வெள்ளம் வடிந்த பிறகு, வீட்டுக்குப் போகவில்லையா என்று ஊர் கேட்டதற்கு, இன்னும் வடியவில்லையே என்றாளாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கப் போனவர்கள்தான் முதல் சீடர்கள்.

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபத்தொன்று. ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பதினோரு வருஷம் ஆனதும் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

ஜோசியருக்கு நேரமில்லை என்பதும் ஊருக்குப் பழைய வேடிக்கைதான். ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கிறவர் அவர். பால் காய்ச்ச, தாலி கட்ட, காது குத்த, கிணறு தோண்ட, கார் எடுக்க, எல்லாவற்றுக்கும் அவர் விரல் மடக்க வேண்டும். தனக்கென்று மடக்க ஒரு விரல் மிச்சமில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு அப்படியே நின்றார்.

"ஆவுடை கேக்கறத நிறுத்திட்டா," என்றார்.

*

ஆவுடை அவர் மனைவி. நாவல் படிக்கிற பைத்தியம். சோறு குழைந்தாலும் பரவாயில்லை, அத்தியாயம் முடியட்டும் என்கிற ஜாதி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கண்ணில் அழுத்தம் முற்றிவிட்டது. ஆபரேஷன் பண்ணினாலும் பார்வை நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அவள் பாதி படித்து வைத்த ஒரு புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்துபோன தடிப் புத்தகம், பேர்கூடத் தெரியாது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெண் இரும்புப் பெட்டியோடு ரயிலடியில் நிற்கிறாள். ரயில் இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் ஆவுடைக்கு வெளிச்சம் போய்விட்டது.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை, காபி குடித்துக்கொண்டே, மீதியை வாசித்துக் காட்டுங்கள் என்று அவரிடம் கேட்டாள். அடுத்த வாரம் பார்ப்போம் என்றார் அவர். அடுத்த சனிக்கிழமையும் கேட்டாள். அடுத்த வாரம் என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை அதிகாலையை அவளுக்கென்று ஒதுக்கினார். கோவில்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் ஜாதகக் கட்டோடு வந்து இறங்கினார்கள். புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினார். கான்கிரீட் போடுகிறவர்கள் மேஸ்திரியோடு வந்தார்கள். தானாகவே வாசிக்கிற போன் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். ஆவுடை அஞ்சு நிமிஷம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டாள். இது யாருக்கோ வாசிக்கிறது என்றாள்.

இப்போது மூன்று சனிக்கிழமையாக அவள் கேட்கவில்லை. போன சனிக்கிழமை ஜோசியர் கூடத்துக்கு வந்தபோது, அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் சணல் கயிற்றால் கட்டி, கதவோரம் வைத்திருந்தாள். பழைய பேப்பர்காரர் வருகிற சனிக்கிழமை வருவாராம்.

"சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லம்மா," என்றார் ஜோசியர். "சிரிச்ச முகமாத்தான் இருக்கா. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

பேச்சியம்மா அவரை உட்காரச் சொன்னாள்.

*

"முதல் தடவை கேட்டாங்களே, அப்ப மணி என்ன இருக்கும்?"

"காபி நேரம். ஆறரை இருக்கும்."

"எல்லாச் சனிக்கிழமையும் அதே நேரந்தானா?"

"ஆமா. அப்பத்தான் வீட்டுல வேற ஆள் இருக்காது."

"சனிக்கிழமை ஆறரைன்னா அது என்ன நேரம் ஜோசியரே?"

தொழில் கேள்வி என்றதும் ஜோசியருக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. சனிக்கிழமை ஆறு முதல் ஏழரை வரை குளிகை என்றார். குளிகை கெட்ட நேரம் இல்லை என்று விளக்கினார். அதில் ஒன்றைச் செய்தால் அது திரும்பத் திரும்ப நடக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஜனங்கள் குளிகையில் தேடிப்போய் நகை வாங்குகிறார்கள். அதனால்தான் குளிகையில் பிணத்தை எடுக்க மாட்டார்கள். வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் அதுவும் திரும்பத் திரும்ப...

அவர் நிறுத்தினார்.

கூரையில் துலாம் சாய்ந்தது. தண்ணீர் மண்டபத் தூண்களைச் சுற்றிக்கொண்டு போனது. எங்கேயோ ஒரு மீன்கொத்தி விழுந்து எழுந்தது.

"இருநூறு சனிக்கிழமை," என்றார் ஜோசியர் மெல்ல.

பேச்சியம்மா திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் ஊருக்கே குளிகை சொல்லிக் குடுக்கேன்," என்றார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் துண்டால் ஒரே துடையாகத் துடைத்துக்கொண்டார்.

*

கொஞ்சம் கழித்து, சுருட்டிக் கொண்டுவந்திருந்த ஒரு பெரிய தாளை விரித்து நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்தார். அவருடைய வாரம் அது. ஏழு நாளையும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, வண்ணம் தீட்டியிருந்தார். ஜாதகப் பொருத்தம் பச்சை. வீடு, மனை எல்லாம் சிவப்பு. பேர் வைக்கிறது நீலம். கோயில் கமிட்டி மஞ்சள். கைக்குழந்தை நுழைய இடம் இல்லாத பஸ் மாதிரி இருந்தது.

இதில் எங்கேயாவது ஒரு சந்து கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கேட்டார்.

பேச்சியம்மா தாளைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தாள். பிறகு குனிந்து, திங்கட்கிழமை காலையில் ஒரு கட்டத்தின் மேல் விரல் வைத்தாள்.

"இது ஏன் கறுப்பா இருக்கு?"

"அது ராகு காலம்மா."

செவ்வாயில் ஒரு கறுப்பு. புதனில் ஒன்று. விரல் படியிறங்குகிற மாதிரி, படியேறுகிற மாதிரி ஏழு நாளும் போய் வந்தது.

"மொத்தம் பத்தரை மணி நேரம்," என்றாள். "அப்ப யாரு வருவா?"

"ராகு காலத்துல ஜோசியர் வீட்டுக்கு யாரும்மா வருவா? ஈ, காக்கா வராது."

"நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? இங்க வராத நாள்ல செவுத்துல சாஞ்சிட்டு உக்காந்திருப்பேன்."

"ஆவுடையம்மா?"

"எதுக்கால உக்காந்திருப்பா."

வெயில் ஆற்றின் மேல் படுத்துக் கிடந்தது. வேப்பம்பூ ஒரு கொத்து எங்கிருந்தோ மிதந்து வந்து, மண்டபத்துப் படியைத் தொட்டுவிட்டு, அவசரமில்லாமல் போனது.

ஜோசியர்தான் முதலில் வாய் திறந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்க நினைக்கது எனக்குத் தெரியும்மா. நானும் நினைக்காம இல்ல. ஆனா ராகு காலத்துல ஒரு நல்ல காரியத்த ஆரம்பிக்கலாமா? அதுவும் அவளுக்கு. ஏற்கெனவே கண்ணு போயிட்டு. நான் மீறப்போயி இன்னொண்ணு போச்சுன்னா நான் யாருட்டப் போய் நிக்க?"

அது பாசாங்கு இல்லை. அந்த மனுஷர் உள்ளபடிக்கே பயந்தார். நாற்பது வருஷம் ஊருக்குச் சொன்ன பயம், வட்டமாகச் சுற்றி அவர் வீட்டு நடையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

பேச்சியம்மா அதை மறுக்கவில்லை. அவர் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தாள்.

"மழையும் இல்ல. ஆத்துக்குள்ள வெயிலுக்கு விரிச்சிட்டும் வரல. இந்தக் குடை எதுக்கு?"

*

ஜோசியருக்கு லேசாகக் கூச்சம் வந்தது. இன்று வியாழக்கிழமை. ஒன்றரை முதல் மூன்று வரை ராகு காலம். ஆட்கள் வராத அந்த நேரத்தில்தான் அவரால் ஆற்றுக்கு வர முடியும். ஆனால் ராகு காலத்தில் வீட்டைவிட்டுப் புறப்படக் கூடாது. அதனால் காலையில் பதினொரு மணிக்கே, நல்ல நேரத்தில், குடையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுத் தையல்காரர் நடையில் சாத்தி வைத்துவிட்டார். பிறகு ராகு காலத்தில் குடையில்லாமல் கிளம்பி, போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பரஸ்தானம்னு சொல்லுவோம்மா. போக வேண்டிய நேரம் சரியில்லன்னா, நல்ல நேரத்துல நம்ம சாமான் ஒண்ண முன்னாடியே வெளிய கொண்டுபோய் வச்சிரணும். குடையோ, செருப்போ, ஒரு துணியோ."

"குடை போனா ஆள் போன மாதிரியா?"

"அதேதான். பயணம் அப்பவே ஆரம்பிச்சாச்சு. அப்புறம் நாம கால எடுத்து வைக்கது வெறும் தொடர்ச்சி. அதுக்கு ராகு என்ன, எமகண்டம் என்ன?"

"என்னப் பாக்க வாறதுக்கு இவ்வளவு செஞ்சிருக்கீங்க," என்றாள் பேச்சியம்மா.

ஜோசியர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

அவள் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். தாளைச் சுருட்டித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், அடுப்புப் பற்றவைக்க ஆகும் என்று.

"வீட்டுக்குப் போய், ஆவுடையம்மா குடைய எங்க வச்சிருக்காங்கன்னு பாருங்க."

"அவளுக்குக் குடையே கிடையாதேம்மா."

"பாருங்க," என்றாள். பஞ்சை எடுத்து முழங்காலில் வைத்துவிட்டாள். அப்படி வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பதினோரு வருஷமாக அவருக்குத் தெரியும்.

*

வீட்டுக்கு வந்ததும் கேட்டார், உன் குடை எங்கே என்று. கண் தெரியாதவள் குடையை வைத்துக்கொண்டு எங்கே போகப் போகிறேன் என்றாள் ஆவுடை.

பரணில் ஏறித் தேடினார். மூன்று கம்பி ஒடிந்து, துணி நைந்து, கைப்பிடியில் கரையான் வைத்த ஒரு பழைய குடை அகப்பட்டது. வெள்ளிக்கிழமை முழுவதும் அதைக் கூடத்தில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆவுடை இரண்டு தடவை தடுக்கி, யாரோ விட்டுவிட்டுப் போன கைத்தடி என்று நினைத்து ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் காபி வந்தது.

ஜோசியர் வாயைத் திறக்கவே பயந்தார். குளிகை. என்ன சொன்னாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும். ஆவுடையும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் குடித்தார்கள். பாதி டம்ளரில் அவருக்குத் திடுக்கென்றது. இந்தப் பேசாமல் இருப்பதும் திரும்பத் திரும்ப நடந்துவிட்டால்?

"காபி நல்லா இருக்கு," என்று அவசரமாகச் சொன்னார்.

ஆவுடை முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"இன்னைக்குத்தான் சொல்லுதீங்க," என்றாள்.

*

ஒன்பதடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கடைசியாக இருந்த கல்யாணப் பார்ட்டி ராகு காலம் வந்துவிடுமே என்று எழுந்து ஓடியது. வாசல் வெறிச்சென்றாகிவிட்டது. தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது போல இருந்தது. ஜோசியர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆவுடை எதிரே உட்கார்ந்தாள். ஜன்னல் வெயில் இருவருக்கும் நடுவில் தரையில் கிடந்தது.

பழைய பேப்பர்காரர் சுடலை மூன்று சக்கர வண்டியை வாசலில் நிறுத்தினார்.

இந்த நேரத்திலா வருவது என்று ஜோசியர் கேட்டதற்கு, எனக்கு ராகு காலம்தான் நல்ல நேரம் அண்ணாச்சி, அப்போதுதான் எல்லாரும் வீட்டோடு இருப்பார்கள் என்றார் சுடலை.

புத்தகக் கட்டு கதவோரம் இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆவுடை கை காட்டினாள். ரொம்பச் சாதாரணமாகத்தான் காட்டினாள்.

"இரு, நான் தூக்கித் தாறேன்," என்று ஜோசியர் எழுந்தார்.

கட்டு கனமாக இருந்தது. தூக்கும்போது நடுவில் இருந்த, அட்டை இல்லாத புத்தகம் நழுவி வெளியே நீட்டிக்கொண்டது. அதற்குள்ளிருந்து ஒரு தாள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

நாள்காட்டித் தாள். அவர் வீட்டுச் சுவரில் தினம் கிழிக்கிற தாள்தான். நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. ஓரம் பழுத்திருந்தது. நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் என்று அச்சடித்திருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலால், ஆவுடையின் குண்டுக் கையெழுத்தில், ஒன்பதரை என்று எழுதியிருந்தது.

அவர் சணல் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் இழுத்து அவிழ்த்தார். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு நாள் வரும்படி சுடலையிடம் சொன்னார். சுடலை தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை நகர்த்தினார்.

ஜோசியர் சுவரோரம் போய் உட்காரவில்லை. ஆவுடையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில், ஜன்னல் வெயிலுக்குள் உட்கார்ந்தார். தாள் இருந்த இடத்தில் புத்தகத்தைப் பிரித்தார்.

பக்கம் பிரிகிற சத்தம் ஆவுடைக்குக் கேட்டது. அவள் கை மடியில் இருந்தபடி அசையாமல் நின்றது.

"எந்தப் புத்தகம்?" என்று கேட்கக்கூட இல்லை.

"மணி ஒன்பதே கால்தான் ஆகுது," என்றார் ஜோசியர். நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ராகு காலமாச்சே ஆவுடை."

ஆவுடை கையை நீட்டினாள். அவர் தோள், கை, புத்தகம் என்று தடவிக்கொண்டு வந்து அந்தத் தாளைக் கண்டுபிடித்தாள். அதன் மடிப்பை விரலால் நீவினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்து நிக்கும்போது, நல்ல நேரம் பாத்துத்தான் இத வச்சிட்டுப் போனேன்," என்றாள். "பரஸ்தானம் போய் நாலு வருசம் ஆச்சு. நாமதான் இன்னும் கிளம்பல."

ஜோசியர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றித் துடைத்தார். எழுத்து நீந்தியது, கல்மண்டபத்துக் கூரையில் மீனம் நீந்துகிற மாதிரி. அது அடங்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தின் முதல் வரியில் விரல் வைத்தார்.

"ரயில் வந்துட்டா?" என்று கேட்டாள் ஆவுடை.